ஒரு சிபாரிசுக் கடிதம்

எங்கள் வீட்டில் 'ரேஸ்' என்பது உரக்கச் சொல்லக் கூடாத வார்த்தை. பெரியப்பா கிண்டியில் ஒரு வீட்டைத் தோற்றவர். வேளச்சேரியில் அந்த வீட்டைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகியிருந்தார். 1974-ல் தமிழ்நாடு அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தைவிடத் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "யாருடைய திறமை?" என்று மட்டும் கேட்டார். பணம் கட்டுகிறவனைப் பற்றித்தான் எங்கள் தெருவில் பேச்சு. குதிரைமேல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்கு உறைக்க நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. அதுவும் வேறு தேசத்தில்.

இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சிற்றூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். உடைந்து ஒட்டிய உடம்புகளைத் திரும்ப வேலைக்குப் பழக்குவது தொழில். சுற்றிலும் குதிரை லாயங்கள். வருகிறவர்களில் ஜாக்கிகளும் உண்டு. கிண்டியிலும் ஊட்டியிலும் நடந்து வந்தது மட்ட ஓட்டம். இவர்களில் பெரும்பாலோர் வேலி தாண்டும் பந்தயக்காரர்கள். 1752-ல் அயர்லாந்தில் இரண்டு பேர், ஒரு மாதா கோயில் கோபுரத்திலிருந்து இன்னொன்று வரை, குறுக்கே இருந்த வேலி, வாய்க்கால் எல்லாவற்றையும் தாண்டிக் குதிரை விட்டதில் தொடங்கியது என்பார்கள். இன்று பிரிட்டனில் பெரிய வேலி குறைந்தது நாலரை அடி. பர்ச் மரக் கிளைகளை நெருக்கிக் கட்டியது. இந்தத் தொழிலில் விழுவது விபத்தில் சேர்த்தி இல்லை. பதினைந்து இருபது சவாரிக்கு ஒரு தடவை விழுந்தே தீரவேண்டும் என்று அவர்களே சகஜமாகச் சொல்வார்கள். ஆம்புலன்ஸ் பந்தயத்தோடு கூடவே ஓடிவரும் விளையாட்டு வேறு ஏதும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நான் சொல்ல வந்தவன் அயர்லாந்துக்காரன். அப்போது இருபத்தொன்பது வயது. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நவம்பர் மாத மழையில் கடைசிக்கு முந்திய வேலியில் குதிரை தலைகுப்புற விழுந்தது. நடுமுதுகில் இரண்டு எலும்பு, ஒரு காரை எலும்பு. காரை எலும்பை அவன் கணக்கில் சேர்க்கவே இல்லை. பத்து மாதம் கழித்து மருத்துவர் அவனைத் தகுதி என்று எழுதினார். பத்து மாதத்தில் எலும்பு கூடியிருந்தது. மற்றதெல்லாம் போயிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே புது ஜாக்கிகளுக்கு எடைச் சலுகை உண்டு. இருபது வெற்றி வரை குதிரை ஏழு பவுண்டு குறைவாகச் சுமக்கலாம், நாற்பது வரை ஐந்து, எழுபத்தைந்து வரை மூன்று. அதன் பிறகு சலுகை இல்லை. நம்மவன் எழுபத்தைந்தை என்றோ தாண்டியவன். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பெரியவனும் இல்லை. நடுத்தரக் குதிரை வைத்திருக்கிற பயிற்சியாளருக்கு அவனைவிட, ஏழு பவுண்டு குறைத்துக் கொடுக்கும் பத்தொன்பது வயதுப் பையன் லாபம். அவன் படுத்திருந்த மாதங்களில் அவனுடைய குதிரைகள் அந்தப் பையன்களுக்குப் போயின. ஒன்றிரண்டு ஜெயித்தும் விட்டன. ஜெயித்த குதிரையிலிருந்து ஜாக்கியை இறக்க எவனுக்கும் மனம் வராது. யாரும் அவனுக்குத் துரோகம் செய்யவில்லை. ஏஜெண்டு வாரத்துக்கு ஒரு முறை போன் செய்து, பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சவாரிக்குச் சுமார் இருநூறு பவுண்டு. அதில் ஏஜெண்டுக்கு, உடை எடுத்து வைக்கிறவருக்கு, பெட்ரோலுக்குப் போக மிச்சம். வாரத்துக்கு ஒரு சவாரி கிடைத்தால் பட்டினி.

அப்போதுதான் வெளிநாடு என்ற பேச்சு வந்தது. என் மேஜையில் முதுகை நீட்டிக் குப்புறப் படுத்தபடியே உலகத்தைச் சுற்றி வந்தான். செக் நாட்டில் பார்டுபிட்ஸே: 1874 முதல் நடக்கும் பந்தயம், 6,900 மீட்டர், 'டாக்ஸிஸ்' என்ற பேர்போன பள்ளம். ஆனால் அது அக்டோபரில், இந்த வருஷத்துக்குக் கதவு மூடியாயிற்று. பிரான்ஸில் பாவ் நகரத்தில் குளிர்காலம் முழுக்கப் பந்தயம் உண்டு. பரிசுப் பணமும் நல்ல பணம். ஆனால் அங்கே மூன்று வயதிலேயே குதிரையைத் தாண்டப் பழக்குகிறார்கள். காலையில் லாயத்தில் மாதக்கணக்கில் வேலை செய்து முகம் பழகாதவனுக்குச் சவாரி கிடைப்பது அருமை. பாஷையும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் இப்போது விக்டோரியா மாநிலம் மட்டும்தான் பாக்கி. மே மாதம் வார்னம்பூலில் ஒரே பந்தயத்தில் 33 தடை. அமெரிக்காவில் மார்ச்சில் தொடங்கி நவம்பர் வரை, கரோலினா, வர்ஜீனியா, மேரிலாண்டு என்று ஊர் ஊராக, பெரும்பாலும் வாரக் கடைசியில்.

இவ்வளவையும் அவன் எங்கோ எழுதி வைத்ததைப்போல ஒப்பித்தான். ஒவ்வொரு நாடாக அவன் சொல்லும்போது எனக்கு ஒன்று புலப்பட்டது. அவன் தேடியது பணமோ பந்தயமோகூட இல்லை. தான் விழுந்ததைப் பார்க்காத மனிதர்கள் இருக்கிற இடம். அந்த விழுதல் தொலைக்காட்சியில் வந்தது. உள்ளூரில் அவனைப் பார்க்கும் ஒவ்வொரு பயிற்சியாளர் முகத்திலும் அது ஒரு வினாடி ஓடி மறைவதாகச் சொன்னான்.

முன்மாதிரிகளும் இருந்தன. பாப் சாம்பியனுக்கு 1979-ல் புற்றுநோய் கண்டது. மருந்து உடம்பைக் கரைத்துவிட்ட நிலையில் 1980-ல் அமெரிக்கா போய், அங்கே வெயிலில் சவாரி செய்து தேறி, ஒரு பந்தயத்தையும் ஜெயித்துத் திரும்பினார். 1981-ல் ஆல்டனிட்டி என்ற, கால் கெட்டுத் தேறிய குதிரைமேல் கிராண்ட் நேஷனலை வென்றார். ஜேம்ஸ் ரெவ்லி வடக்கு இங்கிலாந்துப் பயிற்சியாளர் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்ஸுக்குப் போய், 2016-லும் 2017-லும் பாரிஸின் பெரிய பந்தயத்தை 'ஸோ ஃப்ரெஞ்ச்' மேல் ஜெயித்தார். டெரக் ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் மணிக்கட்டு உடைந்து, காரை எலும்பு நழுவி, நாலே வாரத்தில் கிராண்ட் நேஷனலை வென்றார். இந்தக் கதைகளை ஜாக்கிகள், நாம் பாரதியைச் சொல்வதுபோல, சமயம் வாய்த்தபோதெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள். திரும்பி வராதவர்களின் பெயர்களை அவர்கள் சொல்வதில்லை. டிக் ஃப்ரான்ஸிஸ் 1957-ல் சவாரியை விட்டுவிட்டு எழுத வந்ததைச் சொன்னேன். "எனக்கு எழுத வராதே" என்றான். வராமலிருப்பது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்கா என்று முடிவாயிற்று. வெளிநாட்டில் ஏறுவதற்குச் சொந்த நாட்டு உரிமம் தருகிறவர்களின் சான்று வேண்டும். மருத்துவத் தடை இருந்தால் அதுவும் கடலைத் தாண்டிக் கூடவே வந்துவிடும். அவனுக்குத் தடை ஏதும் இல்லை, காகிதமெல்லாம் சுத்தம். ஆனால் அங்கிருந்த பயிற்சியாளர் ஒருவர், உன் உடம்பைப் பழக்கியவர் நாலு வரி எழுதித் தரட்டும் என்று கேட்டாராம். என்னிடம் வந்தான்.

இங்கேதான் என் விஷயம் வருகிறது.

வேலிக்கு மூன்று பாய்ச்சல் முன்னாலேயே, குதிரை எந்த இடத்தில் காலூன்றி எழும்பப் போகிறது என்பது நல்ல ஜாக்கிக்குத் தெரிந்துவிடும். அவன் கணக்கெல்லாம் போடுவதில்லை. மாடிப்படியில் இறங்கும்போது கால் படியை அறிவதுபோல் ஓர் அறிவு. தூரம் கூடுதலாகத் தெரிந்தால் குதிரையைக் கேட்பான். குறைவாகத் தெரிந்தால் சும்மா உட்கார்ந்து காத்திருப்பான். சும்மா உட்காருவதுதான் சிரமம். பலமாக விழுந்தவனுக்குச் சில சமயம் இந்தப் பார்வை அணைந்துவிடுகிறது. ஒன்றும் தெரியாதபோது கை கடிவாளத்தைப் பிடிக்கும். கை இழுத்தால் குதிரை தலையைத் தூக்கும். தலையைத் தூக்கிய குதிரைக்கு வேலியைச் சரியாகத் தாண்ட முடியாது. எந்த விழுதலுக்குப் பயந்து இழுத்தானோ அந்த விழுதலை அவனே வரவழைத்துக்கொள்கிறான்.

எங்களிடம் ஓர் இயந்திரக் குதிரை இருக்கிறது. எதிரே திரை, திரையில் வேலிகள் வரும். செப்டம்பரில் அவனை அதில் ஏற்றினேன். முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் அபாரம். ஆனால் ஒவ்வொரு வேலிக்கும் கொஞ்சம் முன்னால் அவன் இடது மணிக்கட்டின் உள்நரம்பு இரண்டும் எழும்பி நின்றன. ஒரு கண நேரம். பிறகு அடங்கின. மூன்று நாள் பார்த்தேன். மூன்று நாளும் அப்படியே. அவனுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மருத்துவரின் பரிசோதனையில் அதற்கான கட்டம் ஏதும் கிடையாது. இது மரக் குதிரை, உயிருள்ள குதிரைமேல் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடிதத்தில் எலும்பைப் பற்றி எழுதினேன், தசையின் பலத்தைப் பற்றி எழுதினேன், அவன் ஒழுங்கைப் பற்றி எழுதினேன். எல்லாம் உண்மை. இடது கையைப் பற்றி எழுதவில்லை.

ஏன் என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். இரக்கம் என்று சொல்லிவிட்டால் சௌகரியமாக இருக்கும். இந்தத் தேசத்துக்கு நான் வந்ததும் ஒரு கடிதத்தால்தான். சென்னையில் என் பேராசிரியர் எழுதியது. இரண்டாம் வருஷத்தில் நான் ஒரு நோயாளியை நடக்க வைக்கும்போது, கவனம் தப்பிக் கீழே விழவிட்டதை அவர் பார்த்திருந்தார். கடிதத்தில் அது இல்லை. நன்றியோடு வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன். எனக்குக் கிடைத்ததை இவனுக்குக் கொடுத்தேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஒன்று: என் கடிதத்தில் விட்டுப்போன வரிக்கு விலை கொடுத்திருக்கக் கூடியவர்கள் என் நோயாளிகள். இவனுடைய கடிதத்தில் விட்டுப்போனதற்கு இவன் கழுத்து. இரண்டு இடத்திலும் எழுதியவருக்கு நஷ்டமில்லை. பத்து வருஷம் மௌனமாயிருந்து திரும்பி வரும் கவிஞனின் தொகுப்புக்கு நாம் எழுதுகிற முன்னுரைகளும் இந்த ஜாதிதான். நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். வரிகள் இறுகிப்போனதைப் பார்த்தேன், எழுதவில்லை.

மார்ச்சில் போனான். தொடக்கத்தில் உற்சாகமான செய்திகள். அங்கே பெரும்பாலான பந்தயங்களுக்கு வேலி ஒரே அச்சு: இரும்புச் சட்டம், மேலே பிளாஸ்டிக் புதர், 52 அங்குலம். லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போகிறார்கள். குதிரைகள் புதரின் தலையை உரசிக்கொண்டு தட்டையாக, வேகமாகத் தாண்டுகின்றன. ஜனங்கள் புல்வெளியில் கார்களை நிறுத்தி, சாப்பாட்டுக் கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். யாருக்கும் அவனைத் தெரியவில்லை. அது ஓய்வாக இருந்தது என்று எழுதினான். மேரிலாண்டு ஹண்ட் கப் பக்கம் மட்டும் போகாதே என்று பதில் போட்டேன். 1894-லிருந்து நடக்கிறது, நாலு மைல், 22 மர வேலி, கட்டை உடைந்து கொடுக்காது. சிரிப்புக் குறி ஒன்று வந்தது.

ஆறு வாரத்தில் நாலு சவாரி. முதலில் மூன்றாவதாக வந்தான். அடுத்ததில் ஐந்தாவது. மூன்றாவதைப் பற்றி எழுதவில்லை. நாலாவதற்குப் பிறகு ஊர் திரும்பிவிட்டான்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து சொன்னான். நாலாவது பந்தயத்தில், இரண்டு வேலி மிச்சமிருக்கையில், குதிரையை நிறுத்திவிட்டான். முன்னங்கால் நொண்டுவதுபோல் இருந்தது என்று பயிற்சியாளரிடம் சொன்னான். கால்நடை மருத்துவர் வந்து நாலு காலையும் தடவிப் பார்த்தார். அந்த மனிதர் குனிந்து நல்ல காலைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் தாங்கவில்லை என்றான். "குதிரைக்கு ஒன்றுமில்லை. நல்ல குதிரை. என்னைச் சுமந்து தாண்டத் தயாராக இருந்தது."

பிறகு கேட்டான்: "உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும்."

"எப்போதிருந்து?"

"செப்டம்பர்."

விரல் விட்டு எண்ணினான். கோப்பையைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினான். "எழுதியிருந்தால் உங்களை மன்னித்திருக்க மாட்டேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதாததற்கும் மன்னிக்கவில்லை" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதாவிட்டாலும் அவனிடமாவது சொல்லியிருக்கலாம் என்ற மூன்றாவது வழி இருவருக்கும் நடுவில் மேஜைமேல் கிடந்தது. அதை அவன் எடுக்கவில்லை, மரியாதையால் என்று நினைக்கிறேன்.

இப்போது அயர்லாந்தில் இளங்குதிரைகளைப் பழக்குகிறான். தரையில் போட்ட கட்டைகளைத் தாண்ட வைப்பது. முழங்கால் உயரம். அந்த வேலையில் கை இறுகுவதில்லை என்று கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதியிருந்தான்.

போன வாரம் ஒருத்தி வந்தாள். இருபத்து நாலு வயது, இடது முழங்கை உடைந்து ஒட்டியது. உள்ளூரில் சவாரி கிடைக்கவில்லை, மே மாதத்துக்குள் ஆஸ்திரேலியா போக முடியுமா என்று கேட்கிறாள். கடிதம் ஒன்று தேவைப்படுமாம். அவளை இயந்திரக் குதிரையில் ஏற்றி, திரையைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.