உண்ணியும் மூன்று கட்டுக் கோப்பும்

ஆட்டின் காதிலிருந்து உண்ணியைப் பிடுங்கிக் கட்டைவிரலால் நசுக்குவது பெரம்பலூர், அரியலூர் பக்கம் சாதாரண விஷயம். போன வாரம் எங்கள் தெருவில் ஆடு வளர்க்கிற தம்பி அப்படிச் செய்ததைப் பார்த்து, "கையில் உறையாவது போட்டுக்கப்பா" என்றேன். "உண்ணிக்கெல்லாமா சார்?" என்று சிரித்தார்.

2011 ஜனவரியில் குஜராத்தில், அகமதாபாத் அருகே கோலத் கிராமத்துப் பெண் ஒருவர் காய்ச்சலும் ரத்தக்கசிவுமாக இறந்தார். காரணம் புரியவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரும் நர்ஸும் அதே மாதம் இறந்தார்கள். அதன்பிறகுதான் புனே தேசிய வைராலஜி நிறுவனம் கண்டுபிடித்தது: கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல். உண்ணி கடித்தாலும் நசுக்கினாலும், தொற்றுள்ள ஆடுமாட்டின் ரத்தம் பட்டாலும் மனிதருக்கு வரும். ஆட்டுக்கு ஒரு நோவும் தெரியாது, வம்பே அதில்தான்.

பெயருக்கே ஒரு கதை உண்டு. 1944-ல் கிரிமியாவில் ஒரு காய்ச்சல், 1956-ல் பெல்ஜியக் காங்கோவில் ஒரு வைரஸ். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது இன்றும் 'கோங்கோ'தான்.) இரண்டும் ஒன்றே என்று ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்தது 1960-களின் கடைசியில். அதுவரை ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு!

இப்போது அந்த ஒப்பீட்டை மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துச் செய்கிறார்கள். இந்த வைரஸின் மரபணு சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று துண்டு. இரண்டு வகை வைரஸ் ஒரே உண்ணிக்குள் சேர்ந்தால் துண்டுகள் இடம் மாறலாம். அரியலூர் மாவட்டம் 2001-ல் பிரிந்து, 2002-ல் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தபோது கோப்புக் கட்டுகள் போய்வந்த கதையை அறிந்த எழுத்தர்களுக்கு இது சட்டென்று விளங்கும். குஜராத் வைரஸின் சிறு துண்டு தஜிகிஸ்தான் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம்; பெரிய துண்டோ ஆப்கானிஸ்தான் வகையோடு சேர்ந்தது. ஒரு கட்டை மட்டும் புரட்டினால் பூர்வீகம் தப்பாகிவிடும். இன்னொன்று: பரிசோதனைகள் தெரிந்த எழுத்துகளை வைத்தே செய்யப்படுகின்றன. எழுத்து மாறிவிட்டால், இருக்கும் நோயையும் 'இல்லை' என்று காட்டக்கூடும்.

நம் ஊருக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2013-14-ல் 22 மாநிலங்களின் கால்நடை ரத்தத்தைச் சோதித்தபோது இதன் தடயம் பரவலாக இருந்தது. மரபணுவைப் படிக்க முதலில் ரத்த மாதிரி வேண்டும். மாதிரி எடுக்க டாக்டருக்குச் சந்தேகம் வரவேண்டும். ஆகவே, காய்ச்சலென்று போகும்போது வீட்டில் ஆடு இருப்பதையும் உண்ணி நசுக்கியதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.