சத்தம் போட்ட டியூப்லைட்

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை)

மலருக்கு ஏதாவது எழுது என்று கேட்டார்கள். காதல் கவிதை எழுத நம் வகுப்பிலேயே ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களோடு போட்டி போட எனக்குத் தெம்பு இல்லை. நான் ஒரு வகுப்பறையைப் பற்றி எழுதுகிறேன். நம்முடையது அல்ல, ஆறு பிள்ளைகள் படிக்கும் ஒரு சின்ன அறை.

என் ஊர் நாட்றாம்பாளையம். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டில், காட்டை ஒட்டி இருக்கிறது. ரோட்டில் யானை நின்றதால் திங்கட்கிழமை லேட் என்று நான் சொன்னால் சார்கள் சிரிப்பார்கள். சத்தியமாக உண்மை சார்! அப்பா கைநாட்டு, அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

தம்பிக்கு ஏழு வயது. பேச மாட்டான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றி விட்டால் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பான். கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததால்தான் இப்படி என்றார்கள் ஊரில். அம்மா வேலை வேலை என்று பிள்ளையைக் கவனிக்கவில்லை என்றும் சொன்னார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தே நாளில், “உக்கார மாட்டேங்கறான், கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அன்று அம்மா களி கிண்டிக்கொண்டே அழுததை நான் பார்த்தேன். பிறகு ஒரு டாக்டரம்மாதான் இதற்கு ஆட்டிசம் என்று பெயர், யாருடைய குற்றமும் இல்லை என்று சொன்னார்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஒரு சிறப்பு மையத்துக்குப் போகிறான். பழைய பள்ளிக்கூட அறை ஒன்று, இருபதுக்கு இருபது அடி. போன செமஸ்டர் லீவில் அங்கிருந்த டீச்சர் என்னைப் பார்த்து, “தம்பி, நீ பாலிடெக்னிக்தானே? இந்த ரூமுக்கு ஒரு பிளான் போட்டுக் குடேன்” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டிராயிங் ஷீட்டில் ஸ்கேல் வைத்து வரைந்தேன். நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிப்போய் நாலு சுவரிலும் யானை, கிளி, ரயில் என்று வண்ணம் தீட்டினோம். கூரையிலிருந்து கலர் பேப்பர் தொங்கவிட்டோம். நம் டைம்டேபிள் மாதிரியே வாரம் முழுவதற்கும் பெரிய அட்டவணை ஒன்றை எழுதி மாட்டினேன்.

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பாப்பா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒருவன் தொங்கிய பேப்பரை எல்லாம் இழுத்துக் கிழித்தான். என் தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான்! டீச்சர் திட்டவில்லை. “கல்யாண மண்டபம் மாதிரி பண்ணிட்டீங்களே தம்பி” என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுவே செருப்படி.

அன்று சாயங்காலம் அவர் எரிக் ஷோப்ளர் என்பவரைப் பற்றிச் சொன்னார். 1927-ல் ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன குடும்பத்துப் பிள்ளை. அவர் படித்த காலத்தில், தாய் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று பெரிய பெரிய நிபுணர்களே எழுதிக்கொண்டிருந்தார்களாம். (எங்கள் ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்!) ஷோப்ளர் அதை மறுத்தார். பெற்றோரையே கூட்டாளிகளாக உட்கார வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தத் திட்டம் 1972-ல் வட கரோலினா மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. டீச் என்று பெயர். நம் நாட்டில் மெர்ரி பரூவா என்ற ஒரு தாய் 1991-ல் டெல்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கினார். ஆனால் 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் கிடையாது. 2016 சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாக அது சேர்ந்தது.

ஷோப்ளர் முறையின் சாரத்தை டீச்சர் இப்படிச் சொன்னார். நாம் வாயால் சொல்வதை அந்த அறையே பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். என்ன வேலை? எவ்வளவு? முடிந்தது என்று எப்படித் தெரியும்? அடுத்து என்ன? இந்த நாலுக்கும் கண்ணால் பார்த்தாலே பதில் கிடைக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு ஓசூர் சிப்காட்டில் இன்பிளான்ட் டிரெயினிங் போனது ஞாபகம் வந்தது. அங்கே ஸ்பேனர் மாட்டும் போர்டில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் பெயின்டில் வரைந்திருப்பார்களே! யாரும் யாரையும் கேட்க வேண்டாம். காலி இடத்தைப் பார்த்தாலே எது இல்லை என்று தெரியும். அதேதான் இது.

மறுபடி ஆரம்பித்தோம். முதலில் சுவர்ப் படங்களின் மேல் வெளிர் நிறம் அடித்தோம். (கிளி நன்றாக வந்திருந்தது, மனசு கேட்கவில்லை.) ஒவ்வொரு பிள்ளையின் மேஜையையும் வெறும் சுவரைப் பார்த்துப் போட்டோம். மூன்றடி உயர ஷெல்ஃப்களைத் தடுப்பாக வைத்தோம். பிள்ளைக்கு அது மறைவு, டீச்சருக்குப் பார்வை மறையாது. பாய் விரிக்கும் இடத்தைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டினோம். விளையாட்டு மூலையைக் கதவிலிருந்து தள்ளி வைத்தோம், இல்லாவிட்டால் ஓட்டம்தான்! கதவைப் பூட்டக்கூடாது என்றார் டீச்சர். அதனால் ஒரு ஆட்டு மணியைக் கட்டினேன். பழைய சேலையைத் திரையாகப் போட்டு ஓர் அமைதி மூலை. அது தண்டனைக்கு அல்ல, பிள்ளை தானாகப் போய் மூச்சு விட. மேஜையில் இடது பக்கம் செய்ய வேண்டிய வேலைத் தட்டு, வலது பக்கம் ‘முடிந்தது’ பெட்டி. இடது தட்டு காலியானால் வேலை தீர்ந்தது.

இவ்வளவு செய்தும் தம்பி காதிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் கரண்ட் போனது. கையை எடுத்தான்! கரண்ட் வந்தது, மறுபடி பொத்தினான். அப்போதுதான் என் காதில் விழுந்தது டியூப்லைட் சோக்கின் ‘ஙொய்ய்’ சத்தம். நம் சப்ளை 50 ஹெர்ட்ஸ், சோக் இரைவது அதன் இரட்டிப்பு, 100 ஹெர்ட்ஸ். மெஷின்ஸ் லேபில் கேட்டுக் கேட்டு நமக்கு மரத்துப்போன சத்தம். எல்லா ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் என்று இல்லை, ஆனால் சிலருக்குச் சத்தமும் வெளிச்சமும் நம்மைவிடப் பல மடங்கு உறைக்கும். எல்இடி பட்டியாக மாற்றினேன். மூன்று வருடம் டிரிபிள் ஈ படித்ததில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

என் பெரிய அட்டவணையும் போனது. இப்போது இரண்டே அட்டை: ‘இது’, ‘அப்புறம் அது’. தம்பிக்குப் போட்டோ அட்டைகூடப் புரியவில்லை. அதனால் நிஜப் பொருளையே வைத்தோம். டம்ளர் என்றால் சாப்பாடு, பந்து என்றால் விளையாட்டு. போட்டோவுக்கு வர நாலு மாதம் ஆயிற்று. இதில் இன்னொரு லாபம். எங்கள் அவ்வாவுக்குத் தெலுங்கு, அம்மாவுக்குத் தமிழ், தெருவில் பாதி கன்னடம். போட்டோவுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

அவன் இன்னும் பேசவில்லை. வாசலில் நின்ற பாப்பாவுக்குப் பாய் மூலை பிடிக்கவே இல்லை, வாசலுக்கே அவள் மேஜையைக் கொண்டுபோனோம். வாரத்தில் ஐந்து நாள் வைக்க வேண்டிய வகுப்பு இரண்டு நாளோடு நிற்கிறது. ஒரே டீச்சர், பல ஊர். மீதி நாளெல்லாம் வீடுதான்.

அதனால் அம்மா வீட்டுச் சுவரிலும் அட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறார். ராகி அளக்கும் பழைய படிதான் ‘முடிந்தது’ பெட்டி. தம்பியோடு உட்கார்ந்து மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்ப்பார். “எனக்கும் படிக்கத் தெரியுது பாருடா” என்று ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முன்பெல்லாம் ஞாயிறு சாயங்காலம் நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பினால் தம்பி தலையைத் தரையில் மோதிக்கொள்வான். போன மாதம் அம்மா யாரும் சொல்லித் தராமலே ஒரு வேலை செய்தார். பஸ் படத்துக்குக் கீழே ஆறு கேழ்வரகுக் கதிர், அதற்கும் கீழே என் போட்டோ. தினம் காலையில் ஒரு கதிரை எடுத்துப் படியில் போட வேண்டும். போன ஞாயிறு நான் பையைத் தூக்கியதும் அவனே எழுந்து போய்ப் பஸ் படத்தை எடுத்துப் படியில் போட்டான். கதிர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். நான் கிளம்பினேன். பஸ் ஏறுகிற வரை வீட்டிலிருந்து சத்தமே இல்லை.