உதாலை என்ன பிரயோசனம்?

மருமகனுக்கு,

நேற்று உன் அம்மா ரெலிபோன் எடுத்தாள். "அண்ணை, உயர்தரச் சோதனை கிட்ட வருகுது. இவன் பின்னேரமானால் பந்து, இரவானால் காதுக்குள்ளை உந்தப் பேய்ப்பாட்டு. நீங்கள்தான் பழக்கிவிட்டது, நீங்களே புத்தி சொல்லுங்கோ" என்றாள். சொல்லுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் கேட்கவில்லை.

படி. அதில் மாற்றுக் கருத்துக் கிடையாது. இரசாயனவியலை விட்டுவிட்டுப் பந்துக்குப் பின்னால் ஓடச் சொல்லி நான் ஒருநாளும் உனக்குச் சொன்னதில்லை. இத்தோடு உன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறியது. மிச்சக் கடிதம் பந்தையும் பேய்ப்பாட்டையும் பற்றியது.

தீவுப்பகுதியில் பிறந்தவனுக்கு மூளை முளைக்க முதலே காதில் விழுகிற கேள்வி ஒன்று இருக்கிறது: "உதாலை என்ன பிரயோசனம்?" நல்ல தண்ணிக் கிணறு ஒரு காணியிலும் உவர்க் கிணறு அடுத்த காணியிலும் இருக்கிற மண்ணில் சனம் எதையும் பயன் பார்த்துத்தான் தொடும். குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களை மலாயாவுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் கப்பல் வேலைக்கும் அனுப்பி வீடுகளுக்கு ஓடு போட வைத்ததும் அதே கேள்விதான். ஆனால் பதில் உடனே தெரியும் என்று நினைப்பதில்தான் எங்கள் ஊருக்குக் கண் மறைக்கிறது. கரம்பொன்னில் 1913 இல் பிறந்து, இங்கே ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த ஒரு பெடியன் குருவாகி, இலத்தீன், இத்தாலியம், போர்த்துக்கேயம் என்று மொழி மொழியாகப் படித்தார். முப்பது வயது தாண்டிய பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வாங்கில் போய் இருந்து தமிழையும் முறையாகப் படித்தார். 1554 இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ப் புத்தகம் எங்கள் கண்ணுக்குத் தெரியவந்ததில் அந்தத் தனிநாயகம் அடிகளுக்குப் பங்கு உண்டு. அவர் போர்த்துக்கேய இலக்கணம் படித்துக்கொண்டிருந்த நாளில் யாராவது கரம்பொன் ஆள் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று உனக்குத் தெரியும்.

என் சின்ன வயதுக்கு வருவோம். சோளகம் பிடித்தால் எங்கள் வெளியில் உயர அடித்த பந்து அடித்தவனிடமே திரும்பி வரும். நாணயம் சுண்டி வென்றவன் முதற்பாதியிலேயே காற்றை முதுகுக்கு எடுத்துக்கொள்வான். பொழுது படக் காற்று விழுந்துவிடும், பிறகு எதிர்ப்பக்கத்தாருக்கு அந்த உதவி கிடையாது. காற்றுக்கு எதிரே ஆடுகிற பக்கம் பந்தை நிலத்தோடு உருட்டி, கிட்டக் கிட்டக் கொடுத்து, ஓடி வாங்கித்தான் முன்னேற வேண்டும். கோல் கம்பத்துக்குப் பூவரசந் தடி. சப்பாத்து யாருக்கும் இல்லை, நெருஞ்சி இருந்தது.

1974 உலகக் கிண்ணத்தில் ஒல்லாந்து இப்படித்தான் ஆடியது என்று பேப்பரில் படித்தபோது எங்களுக்குப் புளுகம் தாங்கவில்லை. அவன்கள் ஏன் நிலத்தோடு ஆடினான்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கண்ணால் பார்த்ததில்லை, இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979 இல். மியூனிக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில், ஜேர்மன்காரன் பந்தைத் தொட முதலே ஒல்லாந்துக்குப் பெனால்டி கிடைத்தது, கோலும் விழுந்தது. கடைசியில் தோற்றது 2-1 கணக்கில். ஒல்லாந்து ஆட்டக்காரன் குரைவ்ஃப் தோற்றதற்கு ஊர்காவற்றுறையில் சோறு தின்னாமல் படுத்த ஆட்கள் இருந்தார்கள். எங்கள் கடலுக்கு நடுவில் கடற்கோட்டையில் குந்தியிருந்து எங்களை ஆண்ட ஒல்லாந்தனின் பேரப்பிள்ளைக்காக! அந்த வயதில் அது எங்களுக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, நல்லதாகவும் படுகிறது.

பாட்டு வந்தது கப்பலில். 1970 தொடக்கம் 77 வரை இறக்குமதிக்கெல்லாம் கட்டுப்பாடு, பாணுக்கே வரிசை. கப்பலில் வேலை செய்த ஒன்றுவிட்ட அண்ணர் லீவில் வரும்போது ஒரு கசற் ரெக்கோடரும் ஏழெட்டுக் கசற்றும் கொண்டுவந்தார். அதில் ஒன்று பிங்க் ஃபுளோய்டின் 'மெடில்', 1971 இல் வந்தது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 'எக்கோஸ்', இருபத்துமூன்று நிமிடம். இலங்கை வானொலியில் மூன்று நிமிடத்துக்கு ஒரு பாட்டுக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு முதலில் கசற் பழுது என்றுதான் பட்டது. பிறகு பழகியது. இரவிரவாகக் கூத்துப் பார்த்தும், நயினை அம்மன் திருவிழாவில் விடிய விடிய மேளம் கேட்டும் வளர்ந்த சனத்துக்கு நீளம் ஒரு பயமா?

கணக்கும் அப்படித்தான். அதே குழுவின் 'மணி' என்ற பாட்டைப் போட்டபோது திண்ணையில் இருந்த ஒரு கிழவர் தொடையில் தட்டத் தொடங்கினார். தவில் தெட்சிணாமூர்த்தியின் கச்சேரி எந்தக் கோயிலில் நடந்தாலும் நடந்தே போய்க் கேட்டவர் அவர். "ஏழெண்ணம் விடுறான்" என்றார். கொஞ்சம் பொறுத்துக் கித்தார் தனியாகப் புறப்பட்ட இடத்தில், "இப்ப நாலுக்கு மாறிட்டான், கெட்டிக்காரன்" என்றார். ஆங்கிலத்தில் ஒரு சொல் அவருக்குத் தெரியாது. அந்தப் பாட்டு எந்த எண்ணிக்கையில் போகிறது என்று பிறகு லண்டனில் படித்த எத்தனையோ பேரைக் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

'மெடில்' கசற்றின் மற்றப் பக்கத்தில் 'ஃபியர்லெஸ்' என்று ஒரு பாட்டு. கடைசியில் ஆயிரக்கணக்கான சனம் ஒரே குரலில் பாடுகிற இரைச்சல் கேட்கும். ஏதோ மாதா கோயில் திருநாள் என்று நினைத்திருந்தோம். கனகாலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது: அது லிவர்பூல் மைதானத்துக் கூட்டம், தங்கள் கழகப் பாட்டைப் பாடுகிறது. இந்த வகைப் பாட்டுக்காரருக்குப் பந்துப் பைத்தியம் கூட. 'யெஸ்' குழுவின் ரிக் வேக்மன்தான் 1982, 1986 உலகக் கிண்ணங்களைப் பற்றிய படங்கள் இரண்டுக்கும் இசை அமைத்தவர். ஆக, உன் அம்மா இரண்டு குற்றமாக எண்ணுவது உண்மையில் ஒன்று.

1986 என்றதும் எழுத வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

அந்த வருடம் ஜூன் 22, எங்கள் நேரம் இரவு பதினொன்றரை. ஒரு வீட்டு முற்றத்தில் ரீவியை வெளியில் தூக்கி வைத்து ஊர்ச் சனம் பாதி கூடியிருந்தது. ஆர்ஜென்டீனாவும் இங்கிலாந்தும். நாங்கள் எல்லோரும் மரடோனா பக்கம். வெள்ளைக்காரனுக்கு அடிக்கிறவன் எங்கள் ஆள். 51 ஆவது நிமிடம் பந்து வலைக்குள் போனது. முற்றம் அதிர்ந்தது. பிறகு மெதுவாகத் திருப்பிக் காட்டினார்கள். பின்னால் ஒரு பெடியன், எங்களில் ஒருவன்தான், "கையடா அது" என்றான். ஒரு நிமிடம் சத்தம் இல்லை. பிறகு ஒவ்வொருவராக, "ஓம், கைதான்" என்றார்கள். நாலு நிமிடம் கழிய அதே மனிசன் பாதி மைதானத்தை ஓடிக் கடந்து, வந்தவன் எல்லோரையும் வெட்டிப் போட்ட அடுத்த கோலுக்கு முற்றம் மறுபடி அதிர்ந்தது. முதலாவது கை என்று ஒப்புக்கொண்டதால் இரண்டாவதன் ருசி குறையவில்லை.

அதே முற்றத்துச் சனம், அதற்கு இரண்டு மாதத்துக்கு முந்தி, ஏப்ரல் கடைசியில், வேறொன்றையும் பார்த்திருந்தது. புலிகள் ரெலோ இயக்கத்துப் பெடியளை யாழ்ப்பாணத்துத் தெருக்களில் சுட்டு, சந்திகளில் ரயர் போட்டு எரித்தார்கள். ஒளித்திருந்தவனையும் இழுத்து வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளை. அன்றைக்கு ஒருவரும் "கையடா அது" என்று சொல்லவில்லை. பயம் ஒரு காரணம், அதை நான் சின்னதாக எடுக்க மாட்டேன். சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று மூன்று வருடம் கழித்து ராஜினி திராணகமவின் சாவில் பார்த்தோம். ஆனால் பயம் மட்டுமல்ல. எங்கள் பக்கம் செய்தால் அது கை இல்லை என்று நினைக்கிற பழக்கமும் இருந்தது. மற்றப் பக்கத்துக்கும் அதே பழக்கம். 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகைக் கடலில் மறித்து, குழந்தை குஞ்சு என்று பாராமல் வெட்டினார்கள். இன்றுவரை அதற்காக ஒருவனும் தண்டனை பெறவில்லை. தெற்கில் எத்தனை பேருக்கு அந்தப் படகின் பெயர் தெரியும்?

அதனால்தான் உன்னை நான் ஆட்டம் பார்க்க விட்டேன். ஒரு பக்கத்தை நெஞ்சார நேசி, நடுவன் மாதிரி நிற்காதே, நடுவனுக்கு ஆட்டத்தில் சந்தோசம் இல்லை. ஆனால் உன் பக்கம் கையால் தட்டினால், தட்டியது என்று நீயே முதலில் சொல்லு.

1990, 91 இல் தீவுகள் இராணுவத்திடம் போக, நாங்கள் எழும்பி யாழ்ப்பாணத்தில் இருந்தோம். மின்சாரம் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்துத் தமிழோசை கேட்டோம். சுற்று குறைந்தால் செய்தி மங்கும். அதனால் பிடிக்காத செய்திக்கும் அதே வேகத்தில் சுற்ற வேண்டும். 1994 இல் பிரேசிலும் இத்தாலியும் ஆடிய இறுதி ஆட்டம் எங்களுக்குச் சாமம் ஒரு மணிக்குத் தொடங்கியது. ஆள் மாறி ஆள் சுற்றினோம். தொண்ணூறு நிமிடம், பிறகு இன்னும் முப்பது, ஒரு கோல் இல்லை. பெனால்டியில் பாஜியோ மேலால் அடித்தபோது கையில் பெடலோடு நின்றவன் இத்தாலி ஆள். சுற்றுவதை விட்டுவிட்டான், பிரேசில் கிண்ணம் வாங்கியது எங்களுக்குக் கேட்கவில்லை. கோலே விழாத ஆட்டத்துக்கு விடியும்வரை சைக்கிள் சுற்றியதால் என்ன பிரயோசனம் என்று உன் அம்மம்மாவும் கேட்டா. செல்லடிக்கும் சங்கக்கடை வரிசைக்கும் நடுவில், நாங்களாகத் தெரிந்தெடுத்த கவலை அது ஒன்றுதான். அதை அவவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று அப்போது தெரியவில்லை.

இப்போது நீ செய்தி கேட்கிறாய், அல்லது ஃபோன் உனக்குச் செய்தி ஊட்டுகிறது. போன வருடத்தை எடு. ஓகஸ்ட் 2025 இல் மதுரை மேடையில் விஜய் கச்சதீவை மீட்டுத் தாருங்கள் என்று இந்தியப் பிரதமரைக் கேட்டார். செப்ரெம்பர் முதலாம் திகதி ஜனாதிபதி அநுர கச்சதீவில் போய் இறங்கினார். இரண்டு கரையிலும் கைதட்டல். 285 ஏக்கர், நெடுந்தீவுப் பிரிவுக்குள் கிடக்கிறது, அந்தோனியார் கோயில் உண்டு, குடியிருக்கிற சனம் இல்லை. நெடுந்தீவு மீனவனின் வலையை இரவில் அறுத்துக்கொண்டு போவது இழுவைமடி. அதைப் பற்றி மதுரையில் கைதட்டல் கிடைக்காது. சரி, தமிழ்நாட்டு றோலரைத் திட்டு, திட்டத்தான் வேணும். ஆனால் 2017 இல் இலங்கைச் சட்டமும் இழுவைமடியைத் தடை செய்தது, எங்கள் யாழ்ப்பாணத்துக் கரையிலிருந்தும் அதே மடி இன்னும் போகிறது. கை கைதான், மருமகனே.

அதே செப்ரெம்பர் முதலாம் திகதிதான் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெற் மைதானத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். எனக்குக் கிரிக்கெற்றில் பெரிய ஈடுபாடு கிடையாது; ஐந்து நாள் ஆடிவிட்டு வெற்றி தோல்வி இல்லை என்கிற விளையாட்டை நான் என்ன செய்ய? (கோலில்லாத இறுதி ஆட்டத்தை நீ இப்போது ஞாபகப்படுத்துவாய் என்று தெரியும். அது வேறு.) மைதானம் வரட்டும், பெடியள் ஆடட்டும். ஆனால் கண்டல் காட்டையும் சதுப்பையும் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேள். 1990 ஆவணியில் அந்தத் தீவில் பிடிபட்டுக் காணாமற்போன ஆட்களின் தாய்மார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கிணறுகளைத் தோண்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறவர்களையும் கேள். கேட்டுவிட்டு, முதல் ஆட்டத்துக்கு ரிக்கற் கிடைத்தால் எனக்கும் ஒன்று எடு.

'எக்கோஸ்' இன்னும் முழுக்கக் கேட்கவில்லை என்று போன கிழமை சொன்னாய். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிற ஒரு மணித்தியாலத்தில் இரண்டு தரம் கேட்டு முடிக்கலாம் என்று உன் வயதில் நானும் கணக்குப் போட்டவன்தான். குமுதினியின் என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேளாது. வீட்டில் இருந்து கேள், ஆனால் சோதனை முடிய.

மாமா