கழற்றி வைத்த கியர்பாக்ஸ்



ஷார்ஜாவின் தொழிற்பேட்டையில் சகோதரர் இருவராகிய நாங்கள் சிறியதொரு கார் பழுதுபார்க்கும் கடை நடத்தி வருகின்றோம். அக்கடையின் மூலையில் பழைய கியர்பாக்ஸ் ஒன்று பல மாதங்கள் கிடந்தது. அது எங்களுக்குக் கற்பித்த பாடத்தை இங்கு எழுதுகின்றோம்.

அது எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் காரிலிருந்து கழற்றியது. நான்கு கியர்கள் கொண்ட ஆட்டோமேட்டிக் கார். சூடேறியதும் ஒரு குலுக்கலுடன் மூன்றாம் கியரிலேயே நின்றுவிடும். எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கினால் சற்று நேரம் சீராக ஓடும். நாங்கள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போய்விட்டது" என்றோம். பழைய உதிரிபாகச் சந்தையில் வேறொன்று வாங்கி மாட்டினோம். கார் சரியாயிற்று. அவர் இரு தவணைகளில் பணத்தைக் கொடுத்து முடித்தார்.

எட்டு மாதங்கள் கழித்து அதே மாதிரிக் கார், அதே கோளாறுடன் வந்தது. அவ்வேளை சந்தையில் கியர்பாக்ஸ் கிடைக்கவில்லை. வேறு வழியின்றி முறைப்படி ஆராய்ந்தோம்.

இத்தகைய கியர்பாக்ஸில் கியரை மாற்றத் தீர்மானிப்பது கணினி. சுழல்வேகம், ஆக்ஸிலரேட்டரின் நிலை, ஆயிலின் வெப்பம் ஆகியவற்றைச் சென்சார்கள் வழியே அறிந்து, சோலனாய்டு வால்வுகளுக்கு மின்சாரம் அனுப்புகிறது. அவை ஆயிலைத் திருப்பிவிட, அதன் அழுத்தத்தில் கிளட்சுகள் பிடிக்கின்றன. வரும் தகவல் நம்பத் தகாததெனில் கணினி சோலனாய்டுகளைக் கைவிட்டு, ஒரே கியரில் வண்டியை நிறுத்திக்கொள்கிறது. எனவே மூன்றாம் கியரில் நிற்பது கியர்பாக்ஸ் சிதைந்ததற்குச் சான்றன்று. அது ஒரு தற்காப்பு.

முதலில் ஆயிலைப் பார்த்தோம். அளவு சரி, நிறம் சிவப்பு, கருகிய வாடை இல்லை. பேட்டரி வோல்ட்டேஜும் எர்த் இணைப்பும் குறையின்றி இருந்தன. ஸ்கேனர் காட்டிய குறியீடு, வெளிச்சுழல் வேகச் சென்சாரின் சர்க்யூட்டைச் சுட்டியது. குறியீடு சுட்டுவது சர்க்யூட்டை மட்டுமே. குற்றவாளி ஒயரா, கனெக்டரா, சென்சாரா என்பதை நாம்தான் கண்டறிய வேண்டும். ஸ்கேனருடன் ஓட்டியபோது, வண்டி விரைந்துகொண்டிருக்கையிலேயே திரையில் அந்த வேகம் பூஜ்ஜியமாக விழுந்தது. ஒயரையும் கனெக்டரையும் சோதித்தோம், பழுதில்லை. சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தோம். குளிர்ந்த நிலையில் சரியான அளவைக் காட்டியது. வெப்பக்காற்று பட்டதும் தொடர்பு அறுந்தது. புதிய சென்சார் மாட்டினோம். அரைமணி நேர வேலை.

அப்போது இருவர் பார்வையும் மூலைக்குச் சென்றது. அந்தக் கியர்பாக்ஸின் சென்சார் அதிலேயே இருந்தது. கழற்றிச் சூடேற்றினோம். அதுவும் அப்படியே அறுந்தது.

மக்ரிப் தொழுகைக்குப் பின் ஊர்க்காரரை அழைத்து உள்ளதைச் சொன்னோம். சென்சார் விலையும் அதற்குரிய கூலியும் போக, எஞ்சிய தொகை அவருடைய ஹக் என்றோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அந்தச் செலவால்தான் தம்பி போன வருஷம் ஊருக்குப் போகல. சரி, நான் பொருத்திக்கிட்டேன்" என்றார். பணத்தைத் திருப்பிவிட்டோம். அவர் தம் பிள்ளைகளைக் காணாதிருந்த அந்த ஆண்டை எதைக் கொண்டு திருப்புவது?

சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம், வரும் செய்தியைத் தீர விசாரிக்கக் கட்டளையிடுகிறது; விசாரியாமல் செயல்பட்டால் பிறருக்குத் தீங்கும் நமக்குக் கைசேதமுமே மிஞ்சும் என எச்சரிக்கிறது. அதைப் பலமுறை ஓதியிருந்தும், எங்கள் தொழிலுக்கும் அது பொருந்துமென நாங்கள் எண்ணியதில்லை.

இப்போது எதையெதைச் சோதித்தோம் என்பதைப் பில்லிலேயே எழுதித் தருகின்றோம். கழற்றிய பாகத்தை உரியவர் கையிலேயே கொடுக்கின்றோம். கியர்பாக்ஸை மாற்றச் சொன்னால் நீங்களும் கேளுங்கள்: ஆயிலைப் பார்த்தீர்களா? குறியீடு என்ன? அந்தப் பாகத்தையே சோதித்தீர்களா? நேர்மையாளர் இதற்குச் சினம் கொள்ளமாட்டார்.

பிறர் பொருளை அமானிதமாகக் கருதும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.