முன்கட்டில் பாட்டி, பின்கட்டில் நாங்கள்

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, கடைசியில் கொல்லை. வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கிணறு வரை நேராகத் தெரியும். சித்திரக்குளத்தை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. முன்கட்டை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டு, மற்ற இடத்தையெல்லாம் தடுத்து நாலு போர்ஷனாக விட்டிருந்தார் வீட்டுக்காரப் பாட்டி. கணவர் காலமாகி, பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போய்விட்ட பிறகு அந்த நாலு வாடகைதான் அவருக்கு ஜீவனம். கிணற்றை ஒட்டிய பின்கட்டு எங்களுக்கு. ஒரு அறை, சமையலுக்குத் தாழ்வாரத்தில் ஒரு மூலை. குளியலறையும் கக்கூஸும் எல்லாருக்கும் பொது.

எழுபதுகளில் மயிலாப்பூரில் பாதி ஜனம் இப்படித்தான் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தது. தி.நகரில் கொஞ்சம் காற்றாட இருக்கலாம். நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் உண்டாக்கிய பேட்டை என்பதால் மனைகள் பெரிசு. வீட்டைச் சுற்றி மா, தென்னை என்று தோட்டம் இருக்கும். அடையாறு காந்தி நகரும் அந்த மாதிரிதான். கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் 1940-களின் கடைசியில் போட்ட காலனி. அங்கெல்லாம் வீட்டுக்காரர் கீழே இருப்பார், குடித்தனம் மாடியில். எங்கள் பக்கத்தில் மேல், கீழ் கிடையாது, முன், பின்தான்.

வீடு கேட்டுப் போன அன்று பாட்டி அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க என்ன ஜாதி?" சம்பளத்தைப் பற்றிய கேள்வி அதற்கு அப்புறம்தான். சைவப் பிள்ளைமார், முட்டைகூடச் சமைக்க மாட்டோம் என்று அப்பா சொன்ன பிறகே சாவி கைக்கு வந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த எத்தனையோ பேர் அந்தத் திண்ணையிலிருந்தே திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் அந்த வீட்டுக்காக ஏங்க எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு ஜாதியை வாய்விட்டுக் கேட்பது குறைந்திருக்கிறது. "வெஜிடேரியன்ஸ் ஒன்லி" என்று போர்டு தொங்குகிறது. கேள்வி அதேதான்.

விடியற்காலையில் பாட்டி குளித்து, ஈரப் புடவையோடு மடியாகத் தண்ணீர் இறைத்து முடிக்கும் வரை கிணற்றுக் கயிற்றை வேறு யாரும் தொடக்கூடாது. ஜகடை கிறீச்சிட்டால் மணி நாலரை. அதற்குப் பிறகு கிணறு எங்கள் எல்லாருடையதும். கயிறு அறுந்து வாளி உள்ளே விழுவது மாதம் ஒரு முறையாவது நடக்கும். உடனே பாதாளக் கரண்டி தேடுவோம். இரும்பு வளையத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும் சாமான் அது. தெருவுக்கே ஒன்றுதான், நாலு வீடு தள்ளி ஒரு மாமி வைத்திருந்தார். ஒரு சொம்பையோ தவலையையோ அடமானம் வைத்தால்தான் கரண்டி வெளியே வரும். தன் சொம்பைக் கொடுத்தனுப்புவது எப்போதும் பாட்டிதான், விழுந்தது யாருடைய வாளியாக இருந்தாலும். கயிற்றில் கட்டிக் கரண்டியை இறக்கித் துழாவினால் எங்கள் வாளியோடு போன வருஷம் தொலைந்த டம்ளரும் மேலே வரும். அது யாருடையது என்று கிணற்றடியில் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

1983 வறட்சியில் அந்தக் கிணறு சேறாகக் கலங்கியது. தெருமுனையில் மெட்ரோவாட்டர் லாரிக்குக் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு இத்தனை குடம்தான் என்று பாட்டி அளவு வைத்தார். கிணறு அவருடையது. ஆனாலும் அவருக்கும் அதே அளவுதான். மடிக்கென்று ஒரு குடம்கூட அதிகம் எடுக்கவில்லை.

கரண்டு விஷயத்தில் கறார். வீட்டுக்கு ஒரே மீட்டர் என்பதால் பல்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று பாயிண்ட் கணக்கில் வாடகையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் விளக்கு எரிந்தால் முற்றத்திலிருந்து குரல் வரும். நான் பத்தாவது பரீட்சைக்குப் படித்த வருஷம் மட்டும் பாட்டியே அம்மாவிடம் வந்து, "ஏம்மா, பொண்ணை எங்க கூடத்துல வந்து படிக்கச் சொல்லு. அந்த பாயிண்டு என்னோடதுதான்" என்றார். பரீட்சை முடியும் வரை அவர் கூடத்து விளக்கடியில்தான் படித்தேன். பாட்டி தூங்காமல் ஊஞ்சலில் உட்கார்ந்து ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

வாடகை மட்டும் ஏறவே இல்லை. இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது என்பதுதான் சரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே சென்னைக்கு வாடகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 1960-ல் அதற்கு விரிவான சட்டம் வந்தது. வாடகை பாக்கி, உள்வாடகை, வீட்டுக்காரரின் சொந்த உபயோகம், இடித்துக் கட்டுவது என்று எண்ணிச் சொல்லக்கூடிய சில காரணங்களுக்குத்தான் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லலாம், அதுவும் கோர்ட் வழியாக. எங்களைப் போன்ற குமாஸ்தாக் குடும்பங்கள் மயிலாப்பூரில் நிலைத்தது அந்தச் சட்டத்தால்தான். பாட்டியின் கூரை ஒழுகியதற்கும் அதுதான் காரணம். மெட்ராஸ் டெரஸ் என்பது மர உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை. சில வருஷத்துக்கு ஒரு தடவை மேலே மராமத்து பார்த்தே ஆக வேண்டும். அதற்குப் பாட்டியிடம் பணம் இல்லை. ஐப்பசி பிறந்தால் எங்கள் அறையில் மூன்று இடத்தில் பாத்திரம் வைப்போம். அப்பா ஒரு முறை குறைப்பட்டபோது பாட்டி கோபப்படவில்லை. "நீங்க தர வாடகையில ஒரு மூட்டை சுண்ணாம்பு வருமோ, சொல்லுங்கோ" என்றார். அப்பாவிடம் பதில் இல்லை. மறு மாதத்திலிருந்து தானாகவே கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்.

இரண்டாம் கட்டில் இருந்தவர் அப்படிக் கொடுக்கவில்லை. பாட்டி அவர் மேல் ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் சிறு வழக்கு நீதிமன்றத்தில் கேஸ் போட்டார். வாய்தா மேல் வாய்தாவாக அது வருஷக் கணக்கில் இழுத்தது. வாய்தா நாளன்று வாதியும் பிரதிவாதியும் லஸ் முனையில் ஒரே பஸ்ஸுக்கு நிற்பார்கள். தீபாவளிக்கு அந்த வீட்டு மாமி மைசூர்பாகு கொண்டுவந்து வைப்பார். பாட்டி தட்டைக் காலியாகத் திருப்பாமல் நாலு தேன்குழல் போட்டு அனுப்புவார். கேஸ் அது பாட்டுக்கு நடந்தது.

பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் அன்று திண்ணை எங்களுக்குச் சொந்தம். மாடவீதிக் கூட்டத்தில் நசுங்கி வெளியே வரும் ஊர் பேர் தெரியாத ஜனங்களுக்கு நீர்மோர் கொடுப்போம். கரைப்பது பாட்டி, ஊற்றுவது நாலு குடித்தனத்துப் பிள்ளைகள். அன்றைக்கு மட்டும் வருகிறவரிடம் ஜாதி கேட்டதில்லை.

என் தம்பி பிறந்து அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. எங்கள் தாழ்வாரத்து அடுப்பில் பெரிய பாத்திரம் ஏற்ற இடமில்லை. பாட்டி தன் வெந்நீர் உள்ளைத் திறந்துவிட்டு, விறகு அடுப்பில் பெரிய பித்தளை அண்டாவை ஏற்றினார். குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டியதும் அவர்தான். மடி, ஆசாரம் எல்லாம் அதன் பிறகு அவர் இன்னொரு தடவை தலைக்குக் குளித்ததும் திரும்பி வந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் பாட்டி போனார். பிள்ளைகள் வந்தார்கள், பில்டர் வந்தார், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு தொகை பேசினார்கள். கேஸில் இருந்த இரண்டாம் கட்டுக்காரருக்குத்தான் அதிகம் கிடைத்தது. அந்தச் சமயத்தில்தான், 1988-ல், பாலு மகேந்திராவின் 'வீடு' வந்தது. இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்து, வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டப் படும் பாடு. பின்னால் அதைத் தூர்தர்ஷனில் போட்டபோது அம்மாவால் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஸ்டில்ட் பார்க்கிங்கோடு ஃப்ளாட்டுகள். கிணறு இருந்த இடம் கார் நிறுத்துமிடம்.

இன்று எனக்கும் அடையாறில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது, வாடகைக்கு விட்டிருக்கிறேன். 1960 சட்டம் போய், 2017-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தடையில்லை என்று ஒரு கதவும் திறந்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய இந்த ஊரில் பலரும் அந்தக் கதவு வழியாகத்தான் போகிறார்கள். நான் மூன்றுதான் வாங்கினேன். போன தலைமுறையில் குடித்தனக்காரர் நகர மாட்டார் என்று வீட்டுக்காரருக்குப் பயம். இப்போது இரண்டு பக்கமும் பயம் இல்லை, பேச்சும் இல்லை. இந்தச் சட்டம் இருந்திருந்தால் பாட்டியின் கூரைக்குச் சுண்ணாம்பு கிடைத்திருக்கும். ஆனால் எங்களை எப்போதோ காலி செய்யச் சொல்லியிருப்பார் என்றும் தோன்றுகிறது.

குடியிருக்கும் பெண்ணை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று பார்த்தது. சோழிங்கநல்லூரில் வேலை, கணவனுக்கும் அங்கேயே. ஒன்றாம் தேதி காலையில் ஜிபேயில் வாடகை வந்துவிடும். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அவர்கள் என்ன ஆட்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் அவளுக்குக் குழந்தை பிறந்த விஷயம், மெயின்டனன்ஸ் பாக்கி பற்றிப் பேசக் கூப்பிட்ட வாட்ச்மேன் போகிற போக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டதாம். எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரே வீட்டின் முன்கட்டும் பின்கட்டுமாக நாங்கள் இருந்திருந்தால் பிரசவ வலி கண்ட ராத்திரியே எனக்குத் தெரிந்திருக்கும்.

வாழ்த்துச் சொல்லி, வீட்டில் ஏதாவது பழுது இருந்தால் கூச்சப்படாமல் சொல்லும்மா என்று எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "தேங்க்ஸ் ஆன்ட்டி, கீசர் மூணு வாரமா வேலை செய்யல, டிஸ்டர்ப் பண்ண வேண்டாம்னு சொல்லல." மூன்று வாரமாகக் குழந்தைக்கு எப்படி வெந்நீர் வைக்கிறாளோ. எலெக்ட்ரீஷியனைச் சாயங்காலமே போகச் சொல்லிவிட்டேன். அவர் போகும்போது நானும் போகிறேன்.