சிவப்பு விழுந்த பிறகு

பலகை ஆட்டத்தில் சென்னை கண்ட உலக சாம்பியன் யார் என்றால் விஸ்வநாதன் ஆனந்த் பெயர்தான் முதலில் வரும். ஆனந்த் உலக செஸ் பட்டம் வென்றது 2000-இல். அதற்கு முன்பே, 1991-லும் 1995-லும், கேரமில் உலகப் பட்டம் வென்றவர் சென்னைக்காரரான மரிய இருதயம். 1996-இல் அர்ஜுனா விருதும் பெற்றார். ஆனாலும் கேரம், வேலையற்றவர்கள் தெருமுனையில் பொழுதைக் கழிக்கும் சமாசாரம் என்ற எண்ணம் போகவில்லை.

போட்டி மேஜையில் கதை வேறு. வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு ஒன்று. கை பிடிபட்டுவிட்டால், எதிராளி ஸ்டிரைக்கரைத் தொடுவதற்குள் பலகையே காலியாகிவிடும். 25 புள்ளியில் ஆட்டம் முடியும். சிவப்புக்கு 3 புள்ளி. ஆனால் 22-ஐத் தொட்டவருக்கு அந்த லாபம் கிடையாது. எதை அடிப்பது என்பதைவிட எதை விட்டுவைப்பது என்பதில்தான் சாமர்த்தியம்.

பெரிய மைதானம் வேண்டாம், விலை உயர்ந்த சாதனம் வேண்டாம். அதனால்தான் வட சென்னையின் குறுகலான வீடுகளிலிருந்து சாம்பியன்கள் வருகிறார்கள். வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலகப் பட்டம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றார். தமிழக அரசு அவருக்கு ரூ. 1 கோடி கொடுத்தது.

கேரமில் சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது. தொடர்ந்து தன் காய் ஒன்றையும் போட வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு மீண்டும் நடுவுக்கே வந்துவிடும். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பட்டமும் அப்படித்தான். பின்னாலேயே ஒரு நிலையான வேலையும் விழுந்தால்தான் அது கணக்கில் சேரும்.