செவ்வாய்க்கிழமை சுட்ட பாண்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்தவன் நான். எதை வெட்டுவது என்பதே அத்தொழில் எனக்குக் கற்றுத்தந்த முதற்பாடம். பிரதேச நிருபர் அனுப்பும் ஐந்து பக்கச் செய்தியில் மழை பெய்ததும், மாடு கன்று ஈன்றதும், பெருநாளுக்கு வந்தவர்கள் திரும்பிப் போனதும் இருக்கும். அவற்றையெல்லாம் சிவப்பு மையால் கோடிட்டு நீக்கிவிட்டு, மிஞ்சும் எட்டு வரிகளை அச்சுக்கு அனுப்புவேன். ஓய்வுபெற்று நானாட்டானில் வந்து அமர்ந்துவிட்ட இந்நாளில், அன்று வெட்டியெறிந்தவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அக்காவின் மகன் ரொறன்ரோவில் மென்பொருள் பொறியியலாளனாக இருக்கிறான். விடுமுறையில் ஒருமுறை வந்திருந்தபோது தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, "மாமா, நான் இப்ப இதிலதான் கதைக்கிறனான். நேரம் கிடைச்சா நீங்களும் எட்டிப் பாருங்கோ" என்றான். அது பேஸ்புக்கும் அல்ல, டுவிட்டரும் அல்ல. மாஸ்டொடொன் என்று பெயர். அழிந்துபோன யானையின உறவு விலங்கொன்றின் பெயராம்.

ஒய்கென் ரொச்கோ என்பவர் 2016ஆம் ஆண்டு ஜேர்மனியில் இருந்தபடி உருவாக்கி வெளியிட்ட மென்பொருள் அது. ஒரே நிறுவனத்தின் கணினிகளில் அனைவரும் கூடுவது என்ற ஏற்பாடு அங்கே கிடையாது. விரும்பியவர் எவரும் தமக்கென ஒரு வழங்கியை அமைத்து நடத்தலாம். அவற்றுள் பல ஒரு தொழிலினருக்கோ ஓர் ஊரினருக்கோ உரியவை. ஆயினும் ஒரு வழங்கியில் இருப்பவர் வேறொன்றில் இருப்பவரோடு தடையின்றிப் பேசலாம். மின்னஞ்சல் போலத்தான். இதற்கான பொது நெறிமுறையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 சனவரியில் பரிந்துரைத்தது. ஒரு பதிவுக்கு வழக்கமாக 500 எழுத்துகள். புதியது மேலே, பழையது கீழே. எதை முதலில் காட்டினால் எவர் சினங்கொண்டு நெடுநேரம் தங்குவார் என்று கணக்கிடும் இயந்திரம் இல்லை.

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. அருவியாற்று நீர் தேக்கத்தால் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக்குளத்துக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கால் வழியே சிறு குளங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு சிறு குளத்துக்கும் தனி அணைக்கட்டு, தனி வயல், தனி வழக்கம். மருமகன் சொன்ன ஏற்பாட்டில் சிறு குளங்களும் வாய்க்கால்களும் உண்டு. மேலே இருந்து திறந்து மூடும் பெருங்குளந்தான் இல்லை.

அந்த வேறுபாட்டின் பெறுமதியை இந்நாட்டவர் அறிவோம். 2018 மார்ச்சில் கண்டி வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கின்போதும் சமூக ஊடகங்கள் அரசால் முடக்கப்பட்டன. ஒரு சில நிறுவனங்களின் பெயர்களைப் பட்டியலிட்டதும் ஒரு தேசத்தின் பேச்சே நின்றுபோயிற்று. அதே 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலோன் மஸ்க் டுவிட்டரை 4,400 கோடி டொலருக்கு வாங்கினார். பேசும் இடம் ஒருவரின் சொத்தாக இருந்தால் அதனை இன்னொருவர் வாங்கிவிடலாம் என்பது அன்று பலருக்கு விளங்கியது. மென்பொருள் பொறியியலாளர்கள் பெருந்தொகையாக மாஸ்டொடொனுக்குப் பெயர்ந்தது அதன் பின்னர்தான்.

இவ்வளவு கற்றவர்கள் கூடும் இடத்தில் எத்தகைய ஆழ்ந்த விவாதங்கள் நடக்குமோ என்று ஆவலோடு நுழைந்தேன். ஏமாந்தேன் என்பதே உண்மை. ஒருவருடைய பூனை விசைப்பலகையின் மேல் படுத்துவிட்டது. மற்றொருவர் வெள்ளிக்கிழமை மாலையில் புதிய மென்பொருளை ஏற்றிவிட்டுச் சனிக்கிழமை முழுவதும் அழுதார். நள்ளிரவில் எச்சரிக்கை மணி அடித்து எழுந்தவர், பழுது தன்னுடையதல்ல என்று கண்டு மீண்டும் படுக்கப் போனார். எவரோ தக்காளி நட்டார். என் சிவப்புப் பேனாவுக்கு அங்கே வேலை நிறைய இருந்தது.

ஆயினும் ஒரு பழைய கடிதம் நினைவுக்கு வந்து என்னைத் தடுத்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது மன்னார் மக்கள் பலர் மடுவுக்கும், படகேறி இராமேசுவரத்துக்கும் ஓடினார்கள். அக்கா குடும்பம் மடுவில். நான் கொழும்பில் பத்திரிகை அலுவலகத்தில். தபால் ஒழுங்கில்லாத அக்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மூடாத கடிதம், குடும்பச் செய்தி மட்டுமே எழுத அனுமதி. "எல்லோரும் சுகம். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. தையல் மெஷினைக் கொடுத்துவிட்டேன், இங்கே வைக்க இடமில்லை" என்று எழுதியிருந்தாள். சுகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்தேன். அந்தத் தையல் மெஷின்தான் அவளுடைய பிழைப்பு என்பதும், அதை விற்றுத்தான் பிள்ளைக்குப் பால்மா வாங்கினாள் என்பதும் ஆண்டுகள் பல கழித்தே எனக்குத் தெரிந்தன. அவளால் எழுத முடிந்த ஒரே உண்மை அந்த வரியில் இருந்தது. செய்தி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் அதைக் காணவில்லை.

அந்தக் கடிதத்தில் பல் முளைத்த பிள்ளைதான் இந்த மருமகன்.

ஆகவே நாள்தோறும் மாலையில் அவன் எழுதுவதை வாசிக்கலானேன். அக்காவுக்கும் தமிழில் சொல்வேன். சென்ற ஆண்டு ஒரு நாள், தான் சுட்ட பாணின் படத்தைப் போட்டிருந்தான். நன்றாகப் பொங்கியிருந்தது. மறு கிழமை மீண்டும் பாண். அதற்கடுத்த கிழமையும். மூன்றாவது படத்தில்தான் என் பழைய தொழிற்புத்தி விழித்தது. இங்கே இரவு ஏழரை என்றால் அங்கே காலை பத்து. நாளோ செவ்வாய்க்கிழமை. வேலைக்குப் போகிறவன் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பாண் சுடுவதில்லை.

தொலைபேசியில் அழைத்தேன். "சுகமா இருக்கிறன் மாமா" என்றான். "பாண் நல்லா வந்திருக்குத் தம்பி" என்றேன். சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான். ஆட்குறைப்பில் வேலை போய் ஆறு கிழமைகள் ஆகிவிட்டன. "அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் ஒரே அறிவிப்பில் 11,000 பேரை நீக்கியதைச் செய்தியாகப் படித்திருக்கிறேன். அத்தகைய அலைகள் அத்துறையில் தொடர்ந்து அடித்தன. எண்ணிக்கை செய்தியாகும். வெளியே அனுப்பப்பட்டவன் காலையில் என்ன செய்கிறான் என்பது செய்தியாகாது. ஆனால் முகமறியாத அவனுடைய சகதொழிலாளர் சிலர் அதை அறிந்திருந்தார்கள். பாணுக்குக் கீழே ஒருவர், தம் அலுவலகத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், தமக்கும் எட்டு மாதம் இப்படித்தான் போனது என்றும் புளித்த மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார்.

இத்தகைய இடங்கள் தாமாக நிலைத்துவிடுவதில்லை. தொழில்நுட்பத் துறையினருக்காக 2017இல் தொடங்கிய மாஸ்டொடொன்.டெக்னாலஜி என்ற வழங்கி 2022 டிசம்பரில் மூடப்பட்டது. அதை நடத்தியவர் தனியொருவர்; அவருடைய வாழ்க்கையில் அதற்கு மேல் இடம் இருக்கவில்லை. இங்கே வழங்கி மாறுகிறவர் தம்மைப் பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்லலாம். எழுதியவை பழைய இடத்திலேயே நின்றுவிடும். குறித்த காலத்துக்குள் பிரதி எடுத்துக்கொள்ளாதவரின் பேச்சு வழங்கியோடு போய்விடும்.

மற்றொன்று ஹக்கிடெர்ம். கிறிஸ் நோவா என்ற பொறியியலாளர் தம் வீட்டு நிலக்கீழ் அறைக் கணினிகளில் 2022இல் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் சில நூறாக இருந்த உறுப்பினர் தொகை ஏறத்தாழ ஒரு மாதத்தில் முப்பதாயிரம் ஆயிற்று. வட்டுகள் திணறின. என்ன பழுது, எங்கே பழுது என்பதை மறைக்காமல் எழுதியபடியே, தன்னார்வலர்கள் அதனை ஜேர்மனியில் உள்ள கணினிகளுக்கு மாற்றினார்கள். நோவா 2023 ஓகஸ்டில் மலையேற்ற விபத்தொன்றில் காலமானார். பொறுப்பு ஏற்கெனவே பல கைகளுக்குப் பகிரப்பட்டிருந்ததால் வழங்கி அவரோடு நின்றுவிடவில்லை. எங்கள் வாய்க்கால்களும் அப்படித்தான். போகத்துக்கு முன் கூட்டம் கூடி, இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கிட்டுத் துப்பரவு செய்தால் நீர் வரும். ஒருவனே வெட்டுவான் என்று மற்றவர்கள் வரம்பில் இருந்தால் அவன் நோயில் விழும் ஆண்டு வயல் காயும்.

மருமகனுக்கு நான்காம் மாதத்தில் வேலை கிடைத்தது. பாணுக்குக் கீழே எழுதியவர்களுள் ஒருவர் காட்டிய இடந்தான். அன்றிரவு, இனிச் சொல்லலாம் என்ற துணிவில் அக்காவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் வெற்றிலைத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நீ அந்தப் பாண் கதையை முதல்நாள் வாசிச்சுச் சொன்னாயெல்லோ, அப்பவே எனக்கு விளங்கீட்டுது" என்றாள். "அவனுக்குச் சொல்ல மனமில்லை எண்டால் நான் என்னத்துக்குக் கேக்கிறது?"

நான் மூன்று கிழமைகள் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு முதல் பாணே போதுமாயிருந்தது. இப்போது அவன் எழுதுவது குறைவு. நேற்று, அதிகாலை மூன்று மணிக்கு எச்சரிக்கை மணி அடித்து எழுப்பிவிட்டதாகச் சலித்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனாள்.